ஸ்லாட்டனா, லார்சனா?

ஸ்வீடன் கால்பந்தின் தலைசிறந்த முன்கள வீரர் யார் என்ற கேள்விக்கு, புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை. ஸ்வீடனுக்காக ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் 122 ஆட்டங்களில் 62 கோல் அடித்தார். ஹென்ரிக் லார்சன் 106 ஆட்டங்களில் 37. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்ற ஸ்வென் ரைடெலின் 49 கோல் சாதனையை 2014இல் தகர்த்தவரும் ஸ்லாட்டன்தான். ஆனாலும் என் ஓட்டு லார்சனுக்கே.

முதலில் ஸ்லாட்டனுக்குரியதைக் கொடுத்துவிடுவோம். தற்காப்புக்குப் பேர்போன இத்தாலிய லீக்கில் 2008-09இல் இன்டர் கிளப்புக்காக 25, 2011-12இல் மிலான் கிளப்புக்காக 28 என்று இரண்டு முறை அதிக கோல் அடித்தவராக நின்றார். பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கிளப்பில் 180 ஆட்டங்களில் 156 கோல். நாற்பது வயதில் மிலானுடன் மீண்டும் இத்தாலிய சாம்பியன். 2012 நவம்பரில் சோல்னாவின் புது மைதானத்தில் இங்கிலாந்தை 4-2 என்று ஸ்வீடன் வென்றபோது நான்கு கோலும் அவருடையவை. கோல்கீப்பர் ஜோ ஹார்ட் வெளியே ஓடிவந்து தலையால் முட்டித் தள்ளிய பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டியபடி அந்தரத்தில் எழும்பி, அவ்வளவு தொலைவிலிருந்து வலைக்குள் அனுப்பிய அந்த பைசைக்கிள் கிக்கை லார்சனால் கனவிலும் அடித்திருக்க முடியாது. ஆனால் அது நட்புமுறை ஆட்டம்!

என் உறுத்தல் அங்கேதான் தொடங்குகிறது. 2002, 2006 என இரண்டு உலகக் கோப்பைகளில் ஸ்லாட்டன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. முதலாவதில் அவர் இருபது வயது மாற்று வீரர் என்பதால் அதை விட்டுவிடலாம். லார்சனோ 1994, 2002, 2006 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தவர், மொத்தம் ஐந்து.

ஸ்காட்லாந்து லீக்கில் யார் வேண்டுமானாலும் கோல் அடிக்கலாம் என்று லார்சனை மட்டம் தட்டுபவர்கள் உண்டு. அந்நாட்டு கிளப்பான செல்டிக்கில் அவர் அடித்த 242 கோல்களை அப்படித் தள்ளுபடி செய்வதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் 1999இல் லியோனில் கால் முறிந்து, அதற்கடுத்த முழு சீசனில் எல்லாப் போட்டிகளிலுமாக 53 கோல் அடித்தவர் அவர். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பையின் 2003 இறுதியாட்டத்தில், மொரீனியோ பயிற்றுவித்த போர்டோவுக்கு எதிராக இரண்டு முறை சமன் செய்தார். செல்டிக் தோற்றது, பழி அவர்மேல் இல்லை.

பிறகு 2006 மே, பாரிஸ். ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், பார்சிலோனாவுக்கு எதிராக, பத்துப் பேராகிவிட்ட ஆர்சனல் 1-0 முன்னிலையில் இருக்கிறது. அறுபதாவது நிமிடத்தை ஒட்டி லார்சன் பார்சிலோனாவுக்காகக் களமிறங்குகிறார். சக வீரர் இனியெஸ்டா தள்ளிய பந்தை நிறுத்தவில்லை, திரும்பவில்லை. காலால் லேசாகத் தொட்டு எட்டோவின் பாதைக்குத் திருப்புகிறார். 1-1. சில நிமிடங்களில் வலப்பக்கத்தில் பெலெட்டிக்கு இன்னொரு பாஸ். பார்சிலோனா சாம்பியன். அன்று லார்சன் கோலே அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்லாட்டனுக்கு இந்தக் கோப்பை கடைசிவரை கிட்டவில்லை. 2009இல் அதே எட்டோவை இன்டருக்குக் கொடுத்து, மேலே பெரும் பணமும் போட்டு பார்சிலோனா அவரை வாங்கியது. மறு ஆண்டு அரையிறுதியில் பார்சிலோனாவை வீழ்த்தி இன்டர் கோப்பையைத் தூக்கியது. ஸ்லாட்டன் மிலானுக்குப் போன அடுத்த சீசனில் பார்சிலோனா தூக்கியது. இதில் துரதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் தன்னைச் சுற்றி அணி சுழல வேண்டும் என்பவருக்கு, மெஸ்ஸி இருந்த அணியில் இடம் எங்கே?

இருவரும் ஒன்றாக முன்களத்தில் ஆடிய 2004 ஐரோப்பியக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கேரியாவுக்கு எதிராக லார்சன் பாய்ந்து தலையால் முட்டிய கோலா, இத்தாலிக்கு எதிராக ஸ்லாட்டன் குதிகாலால் அடித்த கோலா? அழகில் எனக்கு ஸ்லாட்டனுடையதே. காலிறுதியில் நெதர்லாந்துடன் பெனால்டி வரை போனது. லார்சன் தன்னுடையதை அடித்துவிட்டார். அடுத்து வந்த ஸ்லாட்டனின் பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.