புவேர்ட்டோ ரிக்கோ: நேரடி வாக்கெடுப்பா, பிரதிநிதிகள் மாநாடா?

அமெரிக்காவின் கீழ் இருந்தும் அதன் மாநிலமாக இல்லாத கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க மாநிலமாவதா, தனி நாடாவதா, வேறு ஏதாவதா? முடிவெடுக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

நேரடி வாக்கெடுப்பு எளிது. ஆனால் வாக்குச்சீட்டின் வாசகத்தை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2017இல் எதிர்க்கட்சிகள் புறக்கணிக்க, மாநில அந்தஸ்துக்கு 97 சதவீதம் விழுந்தது. வாக்களிக்க வந்தவர்களோ சுமார் 23 சதவீதம்தான். 2020இல் மாநிலமாக வேண்டும், ஆமா, இல்லையா என்ற ஒரே கேள்வி. 52 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றும் வாஷிங்டன் அசையவில்லை.

மாநாடு என்றால், மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் குடியுரிமை, வரி, மொழி பற்றியெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தரப்போடு பேசித் தீர்ப்பார்கள், அப்புறம்தான் வாக்கெடுப்பு. இழுத்தடிக்கும் அபாயம் உண்டு. ஆனாலும், தனி நாடானால் அமெரிக்கக் குடியுரிமை நிலைக்குமா என்றே தெரியாமல் ஒருவரை வாக்களிக்கச் சொல்வது அநியாயம். மாநாடுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, முடிவுக்குக் கட்டுப்படுவதாகக் காங்கிரஸ் முன்கூட்டியே சட்டம் போட்டால்.