ஈஎம்டி கோர்ஸ்: கிளாஸ் நல்லம், பிளேஸ்மென்ட் வெறும் சைன் மட்டும்தான்

கொழும்பில ஈஎம்டி கோர்ஸ் (ஆம்புலன்ஸில அவசர சிகிச்சை குடுக்கிற ஆக்களுக்கான படிப்பு) செய்யலாமா எண்டு யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுறன். இன்ஸ்டிடியூட்டின்ட பேரை போடேல்ல, எங்களுக்குப் பிறகு சேந்த பட்ச் இன்னும் செய்த வேலையை எழுதி சைன் வாங்கிற லொக் புக்கோட வார்ட் வார்டா திரியுது, அதுகளுக்கு என்னால வில்லங்கம் வேணாம். அஞ்சுக்கு எவ்வளவு குடுப்பன் எண்டா தியரிக்கு நாலு, பிராக்டிகலுக்கு ஒண்டு, அந்த ஒண்டும் ஒரு அட்டெண்டன்ட் ஐயாவாலதான்.

முதல் நல்லதை சொல்லிடுறன். படிப்பிச்ச சேர் ரிட்டயர்ட் நேர்சிங் ஒபீசர், சிங்களத்தில தொடங்கி இங்கிலீஷுக்கு தாவி கடைசியில எங்கட முகத்தைப் பாத்து தனக்குத் தெரிஞ்ச தமிழில ஒருக்கா சொல்லுவார், ஆனா விளங்காம ஒருத்தரையும் வீட்ட விடமாட்டார். இதயம் நிண்டவைக்கு நெஞ்சை அமுக்கிற சிபிஆர்ல நிமிசத்துக்கு 100லயிருந்து 120 அமுக்கு, 5லயிருந்து 6 சென்ரிமீற்றர் ஆழம், 30க்கு 2 மூச்சு, இது யூடியூப்லயும் இருக்குத்தான். ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சை முழுசா மேல வர விடோணும், இல்லாட்டி இதயத்துக்க ரத்தம் நிரம்பாது எண்டு சொல்லி, கையை பாரமா வச்சுக்கொண்டு செய்த ஆக்களை திருப்பி முதல்லயிருந்து செய்ய வச்சது அவர்தான். வாய்க்குள்ள வைக்கிற ஏர்வே எண்ட பிளாஸ்டிக் குழாயை வாய் ஓரத்திலயிருந்து காது மடல் வரைக்கும் அளந்து எடுக்கோணும், அளவு பிழைச்சா நாங்களே நாக்கை உள்ள தள்ளி காத்து போற வழியை அடைச்சிடுவம் எண்டு அவர் சொன்னது இப்பவும் காதுக்க நிக்குது.

ஆனா அதே ரூமில பெரிய ஆக்களின்ட மனிகின் (பழகுற பொம்மை) ஒண்டே ஒண்டு, ஆழமா அமுக்கினா டிக் எண்டு கேக்கோணும், அது எப்பவோ செத்துப்போச்சு. குழந்தை மனிகின் இல்லவே இல்ல. ஊசி போட்டுப் பழகுற ரப்பர் கை ஒண்டு இருக்கு, எத்தினை பட்ச் குத்திச்சுதோ தெரியா, எங்க குத்தினாலும் சிவப்புத் தண்ணி வருது, அப்ப நாளத்துக்க போச்சா இல்லையா எண்டு எப்பிடித் தெரியும்? நாளத்துக்க ஏத்துற கனுலா குழாயில பச்சை 18, பிங்க் 20, நீலம் 22 எண்டு நிறம் பாடமாக்கினதுதான் மிச்சம்.

இனி பிளேஸ்மென்ட், அதாவது ஒஸ்பிட்டலுக்கு அனுப்பிப் பழக்கிறது. புரோஷர்ல கொட்டை எழுத்தில போட்டிருக்கிறது இதைத்தான், கட்டின காசில பெரிய பங்கும் இதுக்கெண்டுதான் சொன்னவை. போன இடத்தில நடந்தது என்னெண்டா, இ.டி.யு.வில (அவசர சிகிச்சைப் பிரிவில) ஒரு பேஷன்ட் வந்தா முதல் டொக்டர்மார், பிறகு மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ், பிறகு நேர்சிங் ஸ்டூடன்ட்ஸ், அதுக்குப் பிறகு சுவரோட ஒட்டிக்கொண்டு நாங்கள். நேர்ஸ் மிஸ்மாரை குறை சொல்ல மாட்டன், அவைக்கு இருக்கிற வேலைக்கு எங்களை திரும்பிப் பாக்கவும் நேரமில்ல, எங்களை என்ன செய்ய விடலாம் என்ன செய்ய விடக்கூடாது எண்டு ஒரு கடிதம் கூட இன்ஸ்டிடியூட் குடுக்கேல்ல, அப்ப அவை பயப்படுறது நியாயம்தானே. அதால எங்களுக்கு வந்த வேலை ரத்த சாம்பிளை லாபுக்கு கொண்டு போறதும் வீல்செயார் தள்ளுறதும். பிரைவேட் ஒஸ்பிட்டல் ரொட்டேஷன் இன்னும் மோசம், காசு கட்டிப் படுத்திருக்கிற ஆளில ஸ்டூடன்ட் கை வைக்கிறதை யார்தான் விடுவினம், ஏசி குளிர்ல நிண்டுட்டு வந்தம் அவ்வளவுதான். கோல்பேஸில இஸ்ஸோ வடை சாப்பிட்டுட்டு நீச்சல் படிச்சனான் எண்டு சொல்லுற மாதிரிதான் இந்த சேர்டிபிகேட்.

லொக் புக்தான் எனக்கு ஆகக் கோபம். அதில ஈசிஜி, சக்ஷன், பிரசவத்துக்கு உதவி, கனுலா எண்டு வரிசையா பெட்டி இருக்கு, பாத்ததுக்கும் செய்ததுக்கும் ஒரே பெட்டி. கோர்ஸ் முடியிற நேரம் கோர்டினேட்டர் சொன்னது, "நீங்க நிரப்பிட்டு தாங்க, சைன் நான் எடுத்துத் தாறன்." அந்தப் பேப்பரைப் பாத்து வேலைக்கு எடுக்கிறவைக்கு நாங்கள் எல்லாம் செய்த ஆக்கள். நாளைக்கு ஆம்புலன்ஸுக்குள்ள ஒரு அம்மா மூச்செடுக்க ஏலாம கிடக்கேக்க அந்த சைன் வந்து மூச்சுக் குடுக்கிற ஆம்பு பேக்கை பிடிக்குமா?

அந்த அட்டெண்டன்ட் ஐயாவை சொல்லோணும். பெட்ஷீட்டால ஆளை ட்ரொலிக்கு மாத்துறது, முதுகு அடிபட்ட ஆளை தலை கழுத்து இடுப்பு ஒரே கோட்டில வச்சு உருட்டுறது, தூக்க முதல் சில்லு பிரேக்கை காலால தட்டிப் பாக்கிறது, படியில இறங்கேக்க பேஷன்டின்ட கால் முன்னுக்கு ஏறேக்க தலை முன்னுக்கு, இதெல்லாம் சைலபஸில ஒரு வரி. அவர்தான் எங்களை மாறி மாறி படுக்க வச்சு செய்து காட்டினவர். வெள்ளவத்தை பிளாட்ஸ் லிப்ட் எத்தினையில ஸ்ட்ரெச்சர் நீட்டா போகும் சொல்லுங்க பாப்பம், அங்க மூண்டாம் மாடியிலயிருந்து இறக்கிறதுதான் உண்மையான பரீட்சை.

இன்னொருக்கா, தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒரு அம்மா வேர்த்துக் கொட்டி உளறிக்கொண்டு வந்தா, மிஸ் என்னைக் கூப்பிட்டு கதைக்கச் சொன்னவ. காலமை சீனி வருத்தத்துக்கு குளிசை போட்டுட்டு ஒண்டும் சாப்பிடேல்ல எண்டு மகள் சொல்ல நான் அதை சிங்களத்தில சொன்னன், குத்திப் பாத்தா சுகர் 48. 70க்கு கீழ போனாலே குறைவு. நான் படிச்சது ஒரு ஆளுக்கு உதவினது அந்த வார்டில அப்பதான், அதையும் ட்ரெய்னிங் எண்டு யாரும் தரேல்ல, தமிழ் தெரிஞ்சதால தானா வந்தது.

ஆம்புலன்ஸ்ல ஏத்துவம் எண்டும் சொன்னவை. நிப்பாட்டின வண்டிக்குள்ள ஏத்தி அலுமாரி எல்லாம் திறந்து காட்டி, குரூப் போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டாச்சு. ஓடுற வண்டியில ஸ்டெதஸ்கோப்ல பிபி சத்தம் கேக்காது, கஃப் காத்தை விட்டுக்கொண்டு மணிக்கட்டு நாடி எப்ப திரும்ப வருது எண்டு விரலால பிடிச்சு மேல் பிபி மட்டும்தான் எடுக்கலாம் எண்டு சேர் சொன்னதை ஒருக்காவாவது ஓடுற வண்டியில செய்து பாக்க ஆசைப்பட்டன், கிடைக்கேல்ல. இந்தக் கோர்ஸ்களுக்கு பிள்ளைகள் வாறதே 1990 சுவசெரிய எண்ட இலவச ஆம்புலன்ஸ் சேவையை பாத்துத்தான். அது 2016ல இந்திய உதவியோட மேல், தென் மாகாணத்தில 88 வண்டியோட தொடங்கேக்க, முதல் ஆக்களை ஹைதராபாத்துக்கு அனுப்பி ட்ரெய்ன் பண்ணினவை. சும்மா நோட்ஸ் குடுத்து விடேல்ல. இங்க மார்க்கெட்டிங் ஆள் சேர்டிபிகேட் இருந்தா 1990 வேலை கையில எண்டு சொல்லுவார், எழுத்தில தாங்க எண்டு கேட்டுப் பாருங்க.

காசு கட்ட முதல் கோர்ஸ் டிவிஈசி (அரசாங்கத்தின்ட தொழிற்கல்வி ஆணைக்குழு) பதிவோ எண்டு பாருங்க. எந்த ஒஸ்பிட்டல், ஒரு ஷிப்ட்டுக்கு எத்தினை ஸ்டூடன்ட்ஸ், அங்க எங்களுக்கெண்டு சொல்லித்தர ஆர் நிப்பினம் எண்டும் கேளுங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் கேளுங்க, மூண்டு டோஸ், வழக்கமா முடிய ஆறு மாசம் எடுக்கும், எங்களை வார்டுக்கு அனுப்பினதுக்குப் பிறகுதான் ஊசி போட்டிட்டீங்களோ எண்டு கேட்டவை.

பிராக்டிகல் காசில கொஞ்சமாவது திருப்பித் தாங்க எண்டு கடிதம் குடுத்தன், இன்னும் பதில் இல்ல. அடுத்த பட்ச்சுக்கு புது மனிகின் வந்திட்டுதாம், பிளேஸ்மென்ட் அதே இடம்தான்.