கரண்ட் பைக் எடுக்கவா என்று கேட்ட தங்கச்சிக்கு

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒருவர் போன கிழமை கேட்டார்: "அக்கா, உங்கட கரண்ட் பைக் எப்பிடி? நானும் ஒண்டு எடுக்கவா?" மணி அடித்துவிட்டது. "ஆறுதலாச் சொல்றன்" என்று வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று பின்னேரம்தான் மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கொன்ட்ரோலருக்குள் ஈரம் போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனேன். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வாங்கியது 2022 செப்டெம்பர் 7. கியூஆர் கோட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல், அதற்கும் வரிசை என்றிருந்த காலம். மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வர இருபது கிலோமீட்டர் அளவுதான். கடைக்காரர் "ஒரு சார்ஜில எழுவது ஓடும் டீச்சர்" என்றார். ஐம்பது ஓடினாலே எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறேமுக்காலுக்குப் பாலத்தில் ஏறும்போது இந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. வாவியில் வலை விழுகிற சத்தம்கூடக் கேட்கும். 2014இல் பாலம் திறக்கும்வரை அம்மா 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த துறை அது. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற இரண்டு யூனிட் அளவு கரண்ட் போகும், அவ்வளவுதான். ஒயில் மாற்றத் தேவையில்லை, பிளக் துடைக்கத் தேவையில்லை.

இனிப் பற்றரி. சீட்டுக்குக் கீழே 12 வோல்ட் ஈயப் பற்றரி ஆறு, ஒன்றோடொன்று தொடுத்து 72 வோல்ட். ஆறில் ஒன்று சோர்ந்தாலும் மற்ற ஐந்தும் அதற்காக நிற்கவேண்டியதுதான். இரண்டாம் மாதமே எனக்கு அது நடந்தது. பாடக்குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: நவம்பர் 3, 31 கிலோமீட்டர். நவம்பர் 9, 27. நவம்பர் 18, 24, பாலம் தாண்டியதும் நின்றது.

கடைக்கு மூன்று தடவை போனேன். "புதுப் பற்றரிதானே, ஓட ஓடச் செட்டாகும்." அடுத்த முறை, "இப்ப எதிர்க்காத்து டீச்சர்." மூன்றாவது முறை, "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார், தைப்பொங்கலுக்குப் பிறகு வாங்க." இதில் மூன்றாவதுதான் விஷமம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கும் என் மச்சாள் கதையை முழுதாகக் கேட்கவே இல்லை. "பில் என்ன திகதி?" என்றாள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், 13ஆம் பிரிவு. முறைப்பாட்டை எழுத்தில், விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பழுதான நாளில் இருந்து அல்ல. பொங்கலுக்குப் பிறகு போயிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். பிறகு 1896ஆம் ஆண்டின் பண்டங்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறவேண்டியதுதான். ஊரில் மாட்டு வண்டி ஓடின காலத்துச் சட்டம்.

82ஆம் நாள் முறைப்பாட்டைக் கொடுத்தேன். அதற்கு முதல்நாள் பின்னேரம் கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், ஒவ்வொரு பற்றரியிலும் காருடைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அரை மணித்தியாலம் எரியவிட்டு மீற்றர் பிடித்தார். ஐந்து 12க்கு மேல் நின்றது. நாலாவதில் பல்பு மஞ்சளாகி, 9.3. "இதுதான் புள்ள கள்ளன்" என்றார். அந்தக் கணக்கைத் துண்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார், பல்புக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

விசாரணையில் கடைக்காரர் சொன்னது: "டீச்சர் வெள்ளத்துக்குள்ள விட்டிருப்பா." உத்தியோகத்தர் பாஸின் துண்டைப் பார்த்துவிட்டு, "வெள்ளம் ஒரு பற்றரிக்கு மட்டுமா வந்தது?" என்று கேட்டார். வாயால் ஒரு வருடம் என்று சொன்னார்கள், வொறண்டி அட்டையில் மோட்டாருக்கு மட்டும்தான் ஒரு வருடம். ஆனால் சொல்லியோ சொல்லாமலோ கொடுத்த உத்தரவாதம் இரண்டையும் அந்தப் பிரிவு ஏற்கிறது. நட்டஈடு, மாற்றிக்கொடுத்தல், காசைத் திருப்பிக்கொடுத்தல், மூன்றுக்கும் கட்டளை போடலாம். கட்டளை வரைக்கும் போகவில்லை. ஒரு பற்றரி மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர். பழையதோடு புதியதைத் தொடுத்தால் ஆறும் சீக்கிரம் போகும் என்று பாஸ் சொல்லியிருந்ததால் நான் அசையவில்லை. ஆறும் வந்தது.

இந்தியாவில் 2024 ஒக்டோபரில் கரண்ட் ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலெக்ட்ரிக்குக்கு அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியபோது பத்தாயிரத்துக்கு மேல் முறைப்பாடுகள் சேர்ந்திருந்தன. அங்கே அத்தனை பேர் சேர்ந்து சத்தம் போட்டார்கள். எனக்கு இருந்தது பாடக்குறிப்புப் புத்தகமும் ஒரு பல்பும்.

நியாயமாகச் சொன்னால், மாற்றித் தந்த செட் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. அதற்குக் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அடுத்த செட்டை என் காசில் போட்டேன், சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. இப்போது கொன்ட்ரோலர்.

ஆகவே தங்கச்சி, எடுக்காதீங்க. எடுத்தே தீருவேன் என்றால் பில்லில் திகதியும் பற்றரிக்கு எத்தனை மாதம் என்பதும் கடைக்காரர் கையாலேயே எழுதியிருக்கவேண்டும். முதல் நாளில் இருந்து ஓடின கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள்.

என்னுடையதை விற்கிறேனா என்று கேட்கவேண்டாம். விற்கமாட்டேன். நாளைக்கு ஆறரைக்கு ஆரையம்பதியில் றோட்டடியில் நில்லுங்கள், பாலத்தால் ஏற்றிக்கொண்டு போகிறேன். மழை இல்லாவிட்டால்.