புழு தோண்டும் மண்வெட்டி: தடையா, முறையா, வளர்ப்பா?

முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. பக்கத்தில் கறுப்பாகக் கவிழ்ந்து கிடக்கும் சேறு, அழுகிய முட்டை நாற்றம். முத்துப்பேட்டை லகூன் ஓரத்தில் நீர் வற்றிய நேரத்தில் இப்படி அடுத்தடுத்துக் குழிகள் தெரிந்தால், தூண்டில் இரைக்கோ இறால் பொரிப்பகத் தீனிக்கோ யாரோ சேற்றுப்புழு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பொருள்.

சேற்றில் பெரும்பாலான சிற்றுயிர்கள் இருப்பது மேலே சில விரற்கடைக்குத்தான். அதற்குக் கீழே காற்று கிடையாது. புழுக்கள் போடும் வளைகள் வழியாகத்தான் நீரும் காற்றும் உள்ளே இறங்கும். மண்வெட்டி அதைத் தலைகீழாகப் புரட்டும்போது, மேலே இருந்த சின்னச் சிப்பியும் நத்தையும் அடியில் மூச்சு முட்டிச் சாகின்றன. ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் அயல்நாட்டுக் கரைகளிலேயே, அலை படாத சேற்றில் குழி தூர மாதக் கணக்காகலாம். நம் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபிறகு காவிரி கொண்டுவரும் வண்டலும் குறைந்துபோயிற்று. குழியைத் தூர்க்க இங்கே கடலும் ஆறும் அவசரப்படுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதல் வழி, முழுத் தடை. சட்டம் ஏற்கெனவே ஓரளவு துணை நிற்கிறது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமென அறிவிக்கப்பட்ட ஈரநிலம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் உயிர்ப்புள்ள சேற்றுத் திட்டுகளை மிகக் கடுமையான பிரிவில்தான் வைத்திருக்கிறது. பறவைகள் இரை தேடும் இடங்களில் தடையைத் தவிர வேறு வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தூண்டில் புழு தோண்டிய சேற்றில், உள்ளான்கள் தின்னும் சிறு கூனிவகை உயிர்கள் குறைந்துபோய், பறவைகளுக்கு இரை கிடைப்பதும் குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளானும் அப்படித்தான் சேற்றைக் கொத்தித் தின்கிறது. அடுத்த பயணத்துக்கான கொழுப்பை அது இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

ஆனால் கரை முழுக்கத் தடை போட்டால் மாட்டிக்கொள்வது யார்? கிழங்கான் பிடிக்க ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புழு எடுக்கும் தூண்டில்காரர். கிலோக் கணக்கில் வாங்கிப் போகும் வியாபாரி சேற்றில் இறங்குவதே இல்லை. காவலர் கண்ணில் படாத இன்னொரு ஆற்றுவாயிலிருந்து அவருக்குச் சரக்கு வந்துவிடும்.

இரண்டாவது வழி, முறை வைப்பது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துப் பாசனம் செய்துதான் பயிரைக் காப்பாற்றுகிறோம். அதேபோல் சேற்றைக் கண்டம் கண்டமாகப் பிரித்து, ஒன்றில் தோண்டும்போது மற்றவற்றை ஆற விடுவது. தோண்டியவரே குழியை மூடிவிட்டுத்தான் கரையேற வேண்டும் என்பது கூடவே வரும் விதி. குழியை மூடுவது சின்ன வேலைபோலத் தெரியும். ஆனால் பலன் பெரியது: மண் பழைய மட்டத்துக்கு வருகிறது, தோண்டிப் போட்ட மண்மேட்டுக்கு அடியில் சிப்பி புதைவது குறைகிறது. ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் மீனவர்கள் கேட்பார்கள், ஏனென்றால் அடுத்த முறை அதே கண்டத்துக்கு வரப்போவது அவர்களேதான். இதன் பலவீனம் அளவுதான். வெளியூரிலிருந்து பெரிய ஆர்டர் வந்துவிட்டால் எந்த முறையும் நிற்காது.

அந்தப் பெரிய ஆர்டர், இறால் குஞ்சு உற்பத்தி செய்யும் பொரிப்பகங்களிலிருந்து வருவது. தாய் இறால் நன்றாக முட்டை வைக்க இந்தப் புழுவைப்போல் தீனி இல்லை என்பது அவர்கள் அனுபவம். அது பொய்யும் இல்லை. புழுவின் கொழுப்புச் சத்து முட்டைக்கு அவ்வளவு தேவை.

அதனால்தான் மூன்றாவது வழியை, அதாவது தொட்டியில் புழு வளர்ப்பதை, நான் பெரிதாக நினைக்கிறேன். தாய்லாந்தில் மணல் தொட்டிகளில் வளர்த்துப் பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் தூண்டிலுக்காகவே புழுப் பண்ணை நடந்திருக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் சேற்றிலிருந்து எடுக்கும் புழு வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமந்துவந்து, தின்ற தாய் இறாலுக்கும் தொற்றவைக்க முடியும் என்பது இந்திய ஆய்விலேயே தெரிந்த விஷயம். வெள்ளைப்புள்ளி வந்தால் குளம் குளமாக இறால் சாவதை டெல்டாவில் பார்க்காதவர் உண்டா? நோயில்லாத தாய் இறாலை அவ்வளவு செலவு செய்து இறக்குமதி செய்துவிட்டு, அதற்குக் காட்டுச் சேற்றுப் புழுவைப் போடுவது எந்தக் கணக்கில் சேரும்? சேற்றுக்காக இல்லாவிட்டாலும் தன் தொட்டிக்காகவாவது பொரிப்பகம் மாற வேண்டும். பண்ணைப் புழு மட்டுமே போட வேண்டும் என்று உரிமம் கொடுக்கும்போதே எழுதிவிட்டால், சேற்றுக்கு வரும் சுமையில் பெரும்பகுதி குறையும்.

ஆக, எனக்கு இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. புழு யாருக்குப் போகிறது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1993-இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் இதே கோட்டைத்தான் கிழித்தது: சொந்தத் தூண்டிலுக்குப் புழு எடுப்பது பொதுமக்கள் உரிமை, விற்பதற்கு எடுப்பது அந்த உரிமையில் சேராது. நமக்கும் அது பொருந்தும். விற்பனைக்குப் பண்ணைப் புழு, தூண்டில்காரருக்கு முறை வைத்த கண்டம், பறவை மேயும் இடத்தில் தடை.

காலத்தையும் பார்க்க வேண்டும். வலசைப் பறவைகள் இங்கே நிறைந்திருப்பது ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. அந்த மாதங்களில் எந்தக் கண்டத்திலும் மண்வெட்டி இறங்கக் கூடாது. அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்க, தூண்டில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். புழுவுக்கு அடிபிடி வருவதும் அப்போதுதான். முதல் கண்டத்தைத் திறக்க அந்த 61 நாளை விடப் பொருத்தமான நேரம் எனக்குத் தெரியவில்லை: பறவை போயிருக்கும், தூண்டில்காரர் வந்திருப்பார், குழியை மூடுகிறாரா என்று பார்க்க ஊரில் ஆட்களும் சும்மா இருப்பார்கள்.