‘ஒன்று அனுப்பினால் இரண்டு’: மெம்பூல் டாட் ஸ்பேஸ் எந்த அளவுக்கு உதவும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஈலோன் மஸ்க் வீடியோ ஒன்று வந்து விழுகிறது: 0.1 பிட்காயின் அனுப்பினால் 0.2 திரும்பி வருமாம். பொய் என்று வாயால் சொன்னால் மாமா நம்பமாட்டார். பிட்காயின் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கும்படி காட்டும் இணையதளமான மெம்பூல் டாட் ஸ்பேஸைத் திறந்து காட்டுங்கள். இலவசம், கணக்கும் தொடங்க வேண்டாம்.

பணம் அனுப்பச் சொல்லி வீடியோவில் தரும் பிட்காயின் முகவரியை நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். கியூஆர் மட்டும் இருந்தால் கூகுள் லென்ஸில் எழுத்தாக எடுக்கலாம். உங்கள் பிட்காயினை வைத்திருக்கும் வாலட் செயலியில் ஸ்கேன் செய்யாதீர்கள், அது நேரே பணம் அனுப்பும் திரைக்குப் போய்விடும். திறக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இடப்பக்கம் அனுப்பியவர், வலப்பக்கம் பெற்றவர். இரட்டிப்பு மெய்யானால், உள்ளே வந்த ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு மடங்கு வெளியே போயிருக்க வேண்டும். மோசடி முகவரியிலோ சிறுசிறு தொகைகளாக வரும்; பிறகு மொத்தமும் வழித்தெடுத்தாற்போல வேறு முகவரிக்குப் போயிருக்கும். 2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பில் கேட்ஸ் ட்விட்டர் கணக்குகளைக் கைப்பற்றிச் சுருட்டிய 12-க்கும் மேற்பட்ட பிட்காயினின் தடம் இன்றும் அழியாமல் இருக்கிறது.

மோசடிப் பக்கத்தின் கீழே ‘இவருக்கு 4 பிட்காயின் சேர்ந்தது’ என்று ஒரு பட்டியல் ஓடும். மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். பல பக்கங்களில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்! அந்தப் பட்டியல் பிட்காயினின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் இருந்து வருவதில்லை, உலாவிக்குள்ளேயே உருவாகிறது.

குறைகளும் உண்டு. புது முகவரி என்றால் பக்கம் வெறுமையாக இருக்கும். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈத்தர் என்ற வேறொரு கிரிப்டோவின் முகவரி இங்கே வராது, அதற்கான தளமான ஈத்தர்ஸ்கேனுக்குப் போக வேண்டும். பிடிபட்ட முகவரிகள் பலவற்றுக்கு அது ‘ஃபிஷிங்’ (ஏமாற்றிப் பறிப்பது) என்று முத்திரை குத்தியிருக்கும். மோசடித் தளத்தில் வாலட்டை இணைத்து, பணத்தை எடுக்க அனுமதி கொடுத்துவிட்டவர்கள் அங்கேயே அந்த அனுமதியை ரத்துசெய்யலாம்.

முகவரி யாருடையது என்பதை மெம்பூல் சொல்லாது. தென்னாப்பிரிக்க நிறுவனம் என்று சொல்லிக்கொண்டால் அந்நாட்டு நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏவின் தளத்தில் உரிமத்தைத் தேடுங்கள். 2022 அக்டோபரிலேயே கிரிப்டோ அங்கே உரிமம் தேவைப்படும் நிதிப் பொருளாக அறிவிக்கப்பட்டுவிட்டது. உரிமம் பெற்றவர் பெயரையே திருடுபவர்களும் உண்டு, ஆகவே தொடர்பு எண்ணையும் அங்கிருந்தே எடுங்கள்.

பணம் போய்விட்டதா? பரிவர்த்தனை எண்ணை ஒட்டிப் பாருங்கள். இன்னும் உறுதியாகாமல், ‘ஆர்பிஎஃப்’ (கட்டணத்தைக் கூட்டி மாற்றலாம்) என்ற குறியும் இருந்தால், சொந்த வாலட்டிலிருந்து கூடுதல் கட்டணம் கட்டி அதே தொகையை உங்களுக்கே திருப்பிவிட முயலலாம். பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் பிளாக் ஒன்று வர சராசரி 10 நிமிடம்; அடுத்த பிளாக்கிலேயே சேர்ந்துவிடக்கூடும், ஆகவே தாமதிக்காதீர்கள். கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் இந்த வழியும் இல்லை.