பைத்தான் கற்க யூடியூபா, என்பிடெலா, நேரலை வகுப்பா?

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்க இந்த மூன்றையும் முயன்று பார்த்தவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன்: யூடியூபில் தொடங்கலாம், ஆனால் அங்கேயே குடியிருந்துவிடக் கூடாது.

லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) என்றால் என்ன என்று ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே தமிழில் கேட்பது சுகம்தான். சிக்கலும் அந்தச் சுகத்தில்தான் இருக்கிறது. வீடியோவில் சொல்லித் தருபவர் தட்டத் தட்ட எல்லாம் ஓடுகிறது, நாமும் புரிந்துவிட்டதாக நினைத்து 1.5 வேகத்தில் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுகிறோம். மறுநாள் நாமே எழுதும்போது, நிபந்தனை சொல்லும் 'இஃப்' வரிக்குக் கீழே எல்லா வரிக்கும் நான்கு இடைவெளி விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் மூன்று விட்டிருப்போம். வரித் தொடக்க இடைவெளி சரியில்லை என்று சிவப்பில் 'இன்டென்டேஷன் எரர்' வந்து நிற்கும். வீடியோவில் அவருக்கு இது வரவே இல்லையே! கமென்ட்டில் கேட்டேன். ஒரு ஹார்ட் கிடைத்தது.

என்பிடெல் வேறு ரகம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம். பாடம் கேட்கவும் அசைன்மென்ட் செய்யவும் காசு கிடையாது, சான்றிதழுக்கான தேர்வுக்குத்தான் கட்டணம். நான் எழுதியபோது 1000 ரூபாய். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வாரப் பைத்தான் பாடம் அருமை, ஆனால் அது டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை அடுக்கிவைக்கும் முறைகள்), அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் வழிமுறைகள்) வரை போகும், புரோகிராமிங்கே புதிது என்றால் மூச்சு முட்டும். அவர்களுக்கு ஐஐடி ரோபரின் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' தேவலாம், 12 வாரம். எனக்கு உண்மையில் பாடம் நடத்தியது அசைன்மென்ட்தான். நம் புரோகிராமைச் சோதிக்கத் தரும் டெஸ்ட் கேஸ்களில் கண்ணுக்குத் தெரிபவை எல்லாம் பாஸ் ஆகும், மறைத்து வைத்திருப்பதில் ஒன்று மட்டும் ஃபெயில். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே எதுவுமே இல்லாத காலி லிஸ்ட் (பட்டியல்) வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை என்பது பிடிபட இரண்டு நாள் ஆனது, அதை இன்றுவரை மறக்கவில்லை. குறை என்றால், ஆங்கிலத்தில் வேகமாகக் கேட்டுப் பழகாதவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கஷ்டம்.

நேரலை வகுப்புகளில் ஆள் எண்ணிக்கைதான் எல்லாம். காசு கட்டிச் சேர்ந்த ஒன்றில் அறுபது பேர், எல்லார் மைக்கும் மியூட். அதற்கு யூடியூபே மேல், அதையாவது நிறுத்திப் பார்க்கலாம். அப்புறம் தெரிந்த அண்ணா ஒருவர் கூகுள் மீட்டில் ஐந்து பேருக்கு எடுத்தார். "ஸ்க்ரீனைக் காட்டு" என்பார், காட்டினால் தவறைத் திருத்தித் தர மாட்டார், "பன்னிரண்டாவது வரியை வாய்விட்டுப் படிடா" என்பார். படித்து முடிக்கும் முன்பே தவறு தெரிந்துவிடும். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் ஃபீஸ் கொஞ்சம் அதிகமானாலும் விடாதீர்கள்.

கிடைக்கவில்லையா, சரி, என்பிடெலே போதும், கூடப் படிக்க ஒரு நண்பரை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். என் பாடத்தில் அசைன்மென்ட் அனுப்பக் கெடு புதன் இரவு 11.59. செவ்வாயே அனுப்பிவிடுங்கள், 11.50க்கு நெட் போன அனுபவம் எனக்கு இருக்கிறது.