குலசேகரத்தில் மழை வருமா? நாலு வருஷ ரேடார் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர் உண்டு. விடியக்காலம் நாலு மணிக்கு, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர் போன் போடுவார். "மக்கா, இன்னிக்கு வெட்டலாமா?" பால் சிரட்டையில் சொட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தால் பாலும் போச்சு, கூலியும் போச்சு. மழைத்தண்ணி வெட்டில் இறங்காமல் மரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் மறைப்பு, ரெயின்கார்டு, ஒட்டலாமே என்பீர்கள். ஒரு ஏக்கருக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

முதல் வருஷம் போனில் ஒரு வானிலை ஆப்பை நம்பினேன். அதில் ஓடும் பச்சை, மஞ்சள் எல்லாம் ரேடார் என்றே நினைப்பு. நாளைக்கு, மறுநாளைக்கு என்று தள்ளிப் பார்க்க முடிகிறதே என்று ஒருநாள்தான் உறைத்தது. பெய்துகொண்டிருப்பதைத்தான் ரேடார் காட்டும். நாளைய மழை கம்ப்யூட்டர் போடும் கணக்கு.

பிறகு வானிலைத் துறையின் மௌசம் தளம். தமிழ்நாட்டுக்காரன் ஆச்சே, தமிழ்நாட்டை ஒட்டிய காரைக்கால் ரேடாரைத் தட்டினேன். அது நமக்கு 400 கி.மீ. தூரம், படத்துக்குள்ளேயே வராது. நமக்கு உதவுவது திருவந்தரம் (திருவனந்தபுரம்) ரேடார். தும்பாவில் இருக்கிறது, குலசேகரத்துக்கு நேர்கோட்டில் சுமார் 50 கி.மீ. கொச்சி ரேடார் நம்மை விளிம்பில் தொட்டாலும், பூமியின் வளைவால் அதன் அலை இங்கே வரும்போது பல கி.மீ. உயரத்தில் போகும். தாழ்ந்த மேகம் சிக்காது.

நான் வாங்கிய பெரிய அடி நேரத்தில். ஒரு ஐப்பசி விடியலில் படத்தில் 22:10 என்று இருந்தது. ராத்திரி பத்து மணிப் படம், பழசு என்று ஒதுக்கிவிட்டு "வெட்டுங்க அண்ணே" என்றேன். அது யுடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். அதைக் கூட்டினால் விடியக்காலம் 3:40, அப்போதுதான் வந்த படம்! கடல் பக்கம் இருந்த சிவப்புத் திட்டு அரை மணியில் தோட்டத்துக்கு மேல் நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சிரட்டையில் இருந்த வெள்ளைத் தண்ணியைக் கவிழ்த்துக் காட்டினார், அவ்வளவுதான்.

இப்போது நேரம் பார்க்காமல் நிறம் பார்ப்பதில்லை. அடுத்தடுத்த மூன்று படங்களை வைத்துத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பேன். திட்டின் அளவு 40 டிபிஇசட்டுக்கு (மழையில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவைச் சொல்லும் அளவு) மேல் இருந்து நம் பக்கம் திரும்பியிருந்தால் வெட்டு கிடையாது. துலா மாச இடிமழைக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது.

ஆனிச் சாரலுக்கு அவ்வளவாக இல்லை. படத்தில் வெளிறிய நீலம்கூட இருக்காது, இங்கே பட்டை நனைந்து கிடக்கும். அந்த நாளில் அண்ணன் மரத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எனக்குப் போன் வராது.